1975 செஸ்னா 172எம் வாங்கறதுக்கு முன்னாடி எதை எதைப் பார்க்கணும்?

வான்வழி_ஹூஸ்டன்

வணக்கம். பிரைவேட் பைலட் லைசென்ஸ் இருக்கு, சொந்தமா ஒரு பழைய செஸ்னா வாங்கலாம்னு இருக்கேன். பார்த்து வச்சிருக்கற விமானத்தோட விவரம்:

1975 மாடல் 172எம். உடம்பு மொத்தம் 5,100 மணி ஓடியிருக்கு. எஞ்சின் லைகாமிங் ஓ-320-ஈ2டி, 150 குதிரைத்திறன். 2004-ல் ஓவர்ஹால் (முழுசாப் பிரிச்சுப் புதுப்பிச்சது), அதுக்கப்புறம் 640 மணி. கடைசி 5 வருஷத்துல மொத்தமே 60 மணிதான் பறந்திருக்கு. கால்வெஸ்டன் பக்கம், கூரை இல்லாத இடத்துல கட்டி வச்சிருக்காங்க. 2 வருஷத்துக்கு முன்னாடி புது பெயின்ட். விற்கறவர் சொல்றது: "எஞ்சின்ல இன்னும் 1,360 மணி மிச்சம் இருக்கு, புதுசா ஆனுவல் (வருஷாந்தரச் சோதனை) போட்டே தர்றேன்."

இன்னொண்ணும் இருக்கு. 1979 மாடல் 172என், டல்லாஸ் பக்கம் ஹாங்கர்ல (விமானக் கொட்டகை) இருக்கு. விலை கொஞ்சம் கூட. எஞ்சின் 1,500 மணி தாண்டிடுச்சு, ஆனா வருஷத்துக்கு 100 மணி பறக்குது.

மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நானே என்ன பார்க்கலாம், மெக்கானிக் கிட்ட என்ன கேட்டு வாங்கணும்? நான் ஹெச்-1பி விசாவுல இருக்கேன், கிரீன் கார்டு இன்னும் வரலை. அதுனால ஏதாவது சிக்கல் வருமா?

ஸ்பேனர்_41

முதல்ல அந்த 1,360 மணிக் கணக்கை மறந்துடுங்க. லைகாமிங் கம்பெனியோட சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 1009 இந்த எஞ்சினுக்கு 2,000 மணி அல்லது 12 வருஷம், எது முந்துதோ அதுன்னு சொல்லுது. 2004-ல் செஞ்ச ஓவர்ஹாலுக்கு அந்த 12 வருஷம் 2016-லயே முடிஞ்சுபோச்சு. சொந்த உபயோகத்துக்குப் பறக்கற விமானத்துக்கு அது சட்டக் கட்டாயம் இல்லை. ஆனா அந்த வருஷக் கணக்குக்குப் பின்னாடி இருக்கற காரணம் நிஜம், உங்க விமானத்துக்கு அது அப்படியே பொருந்துது.

லைகாமிங்ல கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கற தண்டு), கிராங்க்‌ஷாஃப்டுக்கு மேல உட்கார்ந்திருக்கு. எஞ்சின் நின்னதும் அது மேல இருக்கற எண்ணெய் மெதுவா வடிஞ்சு கீழே சம்ப்புக்கு (எண்ணெய்த் தொட்டி) போயிடும். எரிபொருள் எரியும்போது உண்டாகற தண்ணியும் அமிலமும் எண்ணெயோட கலந்து உள்ளேயே நிக்கும். எண்ணெய் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாகி அரைமணி நேரமாவது பறந்தாத்தான் அந்த ஈரம் போகும். வாரக்கணக்கா நின்னா கேம் லோப் (அந்தத் தண்டுல இருக்கற மேடு) மேலயும், அது தள்ளற டாப்பெட் முகத்துலயும் துருப் புள்ளி விழும். அடுத்த தடவை ஓடும்போது அந்தப் புள்ளி இருந்த இடம் செதில் செதிலா உதிரும். சொரசொரப்பான டாப்பெட், லோப்பை உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். கான்டினென்டல் எஞ்சின்ல கேம் கீழே இருக்கறதால இந்தத் தொல்லை அங்கே ரொம்பக் குறைவு. கடலோரத்துல, திறந்தவெளியில, வருஷத்துக்கு 12 மணி மட்டும் ஓடின லைகாமிங்னா முதல் சந்தேகம் கேம் மேலதான் வரணும்.

இதுல எல்லாரும் ஏமாறற இடம் கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு சிலிண்டரும் 78/80, 77/80-ன்னு காட்டினா எஞ்சின் அருமைன்னு நினைச்சுடுவாங்க. கம்ப்ரஷன் டெஸ்ட் ரிங்கையும் வால்வையும் பத்தி மட்டும்தான் பேசும், கேமைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது. கேம் பாதி தேஞ்ச எஞ்சின் கூட 78/80 காட்டும்.

அதுக்காக டெஸ்ட்டை விட்டுடக் கூடாது. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிட்டு எடுக்கணும். 80 பிஎஸ்ஐ உள்ளே விட்டு, சிலிண்டர் எவ்வளவு பிடிச்சு வைக்குதுன்னு பார்க்கறது. 70-க்கு மேல, நாலும் பக்கத்துல பக்கத்துல இருந்தா சரி. 60-க்குக் கீழே போனா அந்த சிலிண்டரைக் கழற்றற நிலைமைன்னு எடுத்துக்குங்க. எண்ணை விட முக்கியம், காத்து எந்த வழியா ஒழுகுதுங்கறது. எக்ஸாஸ்ட் குழாய்ல உஸ்ஸுன்னு கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்பரேட்டர் பக்கம் கேட்டா இன்டேக் வால்வு, எண்ணெய் ஊத்தற வாய்ல கேட்டா ரிங். ரிங்ல கொஞ்சம் ஒழுகறது பெரிய விஷயம் இல்லை, நாலஞ்சு மணி பறந்தா சில சமயம் தானாவே சரியாகும். எக்ஸாஸ்ட் வால்வு ஒழுகினா விடாதீங்க. (டெஸ்ட் எடுக்கும்போது புரொப்பெல்லரை ஒருத்தர் கெட்டியாப் பிடிச்சிருக்கணும். பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்தாலும் 80 பிஎஸ்ஐ அதை வீசி அடிக்கும்.)

கூடவே போரோஸ்கோப்பை (குழாய்க் கேமரா) ஸ்பார்க் பிளக் துளை வழியா விட்டு நாலு எக்ஸாஸ்ட் வால்வையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்க. நல்ல வால்வோட முகத்துல படிவு வட்டமா, நடுவுல இருந்து ஒரே சீரா இருக்கும். ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி நிறம் மாறியிருந்தா அங்கே சூடு தப்பி வெளியே போகுது, வால்வு எரிய ஆரம்பிச்சாச்சு. சிலிண்டர் சுவர்ல பழுப்புத் துரு தெரியுதான்னும் பாருங்க. அங்கே துரு இருந்தா கேம்லயும் இருக்கும்னு தைரியமாச் சொல்லலாம்.

எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பிரிச்சு, மடிப்புத் தாளை விரிச்சு, காந்தம் வச்சுப் பாருங்க. காந்தத்துல ஒட்டற மினுமினுப்பான துகள் கேம், டாப்பெட் ரெண்டுல ஒண்ணுல இருந்து வருது. சம்ப்புல இருக்கற சக்‌ஷன் ஸ்கிரீனையும் கழற்றிப் பார்க்கணும், பெரிய துண்டு அங்கேதான் மாட்டும். ஒரு எச்சரிக்கை: விற்கறவர் போன வாரம்தான் எண்ணெய் மாத்தினேன்னு சொன்னா, புது ஃபில்டர்ல ஒண்ணும் இருக்காது. பழைய ஃபில்டரைக் கேளுங்க. இல்லைன்னா அஞ்சாறு மணி ஓடினதுக்கு அப்புறம் வெட்டுங்க.

172என் பத்தி: அதுல இருக்கறது ஓ-320-ஹெச்2ஏடி, 160 குதிரைத்திறன். கேமும் டாப்பெட்டும் சீக்கிரம் தேயற எஞ்சின்னு 1977-ல் இருந்தே பேர் வாங்கினது. ஏ.டி. (அமெரிக்க விமானத்துறை எஃப்.ஏ.ஏ.வோட கட்டாய உத்தரவு) 80-04-03 படி எல்டபிள்யூ-16702 என்ற சேர்மானத்தை எண்ணெய்ல ஊத்தணும். ஏரோஷெல் 15டபிள்யூ-50 மாதிரி அது ஏற்கெனவே கலந்த எண்ணெய் போட்டாலும் சரி. ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்துக்கும் லாக்புக்ல அது எழுதியிருக்கணும். ரெண்டு மேக்னெட்டோவும் (பிளக்குக்குத் தீப்பொறி தர்ற கருவி) ஒரே கூட்டுல, ஒரே டிரைவ்ல ஓடுது. அந்த ஒரு டிரைவ் போனா ரெண்டும் போச்சு. இதுல ஒரு நல்ல விஷயம், டாப்பெட் பேரல் வடிவம், எஞ்சினைப் பிளக்காம வெளியே உருவிப் பார்க்கலாம். உங்க 172எம்-ல அது முடியாது, டாப்பெட்டுக்குக் காளான் மாதிரித் தலை, கேஸைப் பிளந்தாத்தான் வெளியே வரும்.

வருஷத்துக்கு 100 மணி பறந்து 1,500 மணி ஆன ஹெச்2ஏடி, 5 வருஷம் தூங்கின 640 மணி ஈ2டி, ரெண்டுல எனக்கு நம்பிக்கை முதல்ல சொன்னது மேலதான்.

தகடும்_ரிவெட்டும்

எஞ்சினைப் பத்தி நல்லாச் சொல்லியிருக்காங்க. ஆனா எஞ்சின் கெட்டுப்போனா பணம் கொடுத்து மாத்திக்கலாம். அரிச்சுப்போன ஸ்பாருக்கு (இறக்கையைத் தாங்கற உள் உத்தரம்) அப்படிச் செலவு பண்ணினா விமானத்தோட விலையையே தாண்டிடும். அதனால பார்க்கற வரிசையை மாத்துங்க: முதல்ல தகடு, அப்புறம் எஞ்சின். தகட்டுல பெருசா ஒண்ணு கிடைச்சா அங்கேயே நிறுத்திட்டு வீட்டுக்கு வந்துடலாம், மெக்கானிக் கூலி மிச்சம்.

அந்தக் காலத்து செஸ்னாக்கள்ல உள்பக்கத் தகட்டுக்கு ப்ரைமர் பூச்சு வழக்கமா வராது, தனியாக் காசு கட்டினாத்தான். அதனால வெளியே புது பெயின்ட் பளபளன்னு இருக்கறது எதையும் நிரூபிக்காது. இறக்கை அடியில வட்ட வட்டமா இன்ஸ்பெக்‌ஷன் மூடிகள் இருக்கும். எல்லாத்தையும் திறந்து, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வச்சு ஸ்பாரைப் பாருங்க. வெள்ளையோ சாம்பலோ பொடி பூத்திருந்தா அலுமினியம் அரிக்குது. தகட்டு மேல லேசாப் பொடி இருந்தா சுரண்டிச் சுத்தம் பண்ணலாம். ஸ்பார் கேப் மாதிரிக் கெட்டியான பாகம் பிஸ்கட் அடுக்கு மாதிரி ஏடு ஏடா உப்பியிருந்தா அந்த விமானத்தை விட்டுடுங்க. விலை பேசக் கூட உட்காராதீங்க.

இறக்கை உடம்போட சேர்ற இடத்து மூடியைக் கழற்றி போல்ட்டைப் பாருங்க. ஏலரான் (இறக்கையோட பின் ஓரத்துல அசையற தகடு) கீல்ல இருக்கற பின், தரைக் கம்பளத்துக்கு அடியில, சாமான் வைக்கற இடத்துக்குப் பின்சுவரைக் கழற்றி வால்கூட்டுக்குள்ள, இதெல்லாம் கட்டாயம். 70-கள்ல கேபின் தகட்டு உள்பக்கம் ஒட்டின ஸ்பாஞ்சும் பஞ்சும் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். உள் பேனலை ஒரு இடத்துலயாவது விலக்கி அதுக்குப் பின்னால பாருங்க. திறந்தவெளில நிக்கற விமானத்துல எலிக்கூடு இருக்கறது சகஜம். எலி மூத்திரம் அலுமினியத்தை உப்புக்காத்தை விட வேகமாத் தின்னும்.

புது பெயின்ட் பத்தி ரெண்டு கேள்வி கேளுங்க. ஏன் அடிச்சாங்க? அடிச்ச பிறகு கன்ட்ரோல் சர்ஃபேஸ்களை பாலன்ஸ் பார்த்து லாக்புக்ல எழுதினாங்களா? ஏலரான், எலிவேட்டர், ரட்டர் மேல பெயின்ட் ஏறினா எடை மாறும், அதனால மறுபடி பாலன்ஸ் பார்க்கணும்னு சர்வீஸ் மேனுவல்ல இருக்கு. டெக்சஸ்ல ஆலங்கட்டி மழையில குழி விழுந்ததை நிரப்பி மறைக்கறதும் நடக்கும். சாயங்கால வெயில் சாய்வா விழும்போது இறக்கையின் மேல்பக்கத்தை ஓரத்துல நின்னு பாருங்க, குழியும் மேடும் தெரிஞ்சுடும்.

அடுத்து ஃபயர்வால், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தடுப்புத் தகடு. 172-ல் மூக்குச் சக்கரத்தோட கால் ஃபயர்வாலோட அடிப்பாகத்துல மாட்டியிருக்கு. மூக்கை முதல்ல தரையில குத்தி இறங்கினா அந்தத் தகடு சுருங்கும். பயிற்சிப் பள்ளியில ஓடின 172 முக்கால்வாசியில இதைத் தேடித்தான் ஆகணும். கௌலிங்கை (எஞ்சின் மேல்மூடி) முழுசாக் கழற்றி முன்னாடி இருந்து பாருங்க, ரட்டர் பெடலுக்கு மேல தலையை விட்டு உள்ளேயிருந்தும் பாருங்க. வெளித்தகட்டுல கௌலிங்குக்குப் பின்னாடி, அடிவயித்துல அலை மாதிரி நெளிவு இருந்தாலோ, ரிவெட் தலை சாய்ஞ்சிருந்தாலோ அடி வாங்கியிருக்கு. அப்படி அடி வாங்கினப்போ புரொப்பெல்லர் தரையில பட்டதாங்கறது அடுத்த கேள்வி. பட்டிருந்தா லைகாமிங்குக்கு ஏ.டி. 2004-10-14 இருக்கு: எஞ்சினுக்குப் பின்பக்கம் கிராங்க்‌ஷாஃப்ட் கியரையும் அதைப் பிடிக்கற போல்ட்டையும் பிரிச்சுப் பார்த்து எழுதியிருக்கணும்.

வால்ல கிடைமட்ட ஸ்டெபிலைசரோட முன் ஸ்பார், நடுப்பகுதியில விரிசல் விடும். காரணம் பறக்கறது இல்லை. தரையில விமானத்தைத் திருப்ப வாலை அமுக்கி மூக்கைத் தூக்கறாங்க பாருங்க, அது. மெல்ல நுனியைத் தூக்கி இறக்கிப் பாருங்க, கிறீச்சுன்னு சத்தம் வந்தா உள்ளே பார்க்கணும். இறக்கைத் தாங்குகம்பி கேபினோட சேர்ற இடம், கதவுத்தூண் அடிப்பகுதி, அங்கேயும் விரிசல் தேடணும்.

ரிவெட் தலையைச் சுத்திக் கறுப்பாப் புகை கோடு மாதிரி வழிஞ்சிருந்தா அந்த ரிவெட் ஆடுது. இறக்கை அடியில நீலக் கறை இருந்தா பெட்ரோல் ஒழுகுது, 100எல்எல்-க்கு நீலச் சாயம்தான்.

சீட் ரெயிலை மறக்காதீங்க. ஏ.டி. 2011-10-09. ரெயில்ல பின் விழற துளை தேஞ்சு நீள்வட்டமானா, டேக்-ஆஃப்ல மூக்கு தூக்கும்போது சீட் பின்னால வழுக்கும். பிடிமானத்துக்குக் கை ஸ்டியரிங்கை இழுக்கும், விமானம் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கற விசையை இழக்கும்). உயிர் போன விபத்துகள் இருக்கு. தேஞ்ச துளைக்கும் ரெயில் விரிசலுக்கும் அந்த ஏ.டி.யிலயே அளவு போட்டிருக்கு, காலிப்பரை வச்சு அளக்கச் சொல்லுங்க. சீட் பின்னால ஓடாம பிடிக்கற இரண்டாவது ஸ்டாப்பை செஸ்னா எஸ்இபி07-5 என்ற புல்லட்டின்ல கொண்டு வந்தது. பைலட் சீட்டுல அது இருக்கான்னு பாருங்க.

டயர், பிரேக் டிஸ்க், ஸ்ட்ரட் ஒழுகல் எல்லாம் சில்லறைச் செலவு. விலை பேச உதவும், முடிவை மாத்தாது.

ஏடு_புரட்டி

விமானத்தை நேரில் பார்க்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. விற்பவரிடம் ஏர்ஃப்ரேம், எஞ்சின், புரொப்பெல்லர் ஆகிய மூன்று லாக்புக்குகளையும் முதல் பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

படிக்கும்போது தேதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். லைகாமிங் சொல்வது ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு 50 மணிக்கு ஒருமுறை, ஸ்கிரீன் மட்டும் உள்ளதற்கு 25 மணிக்கு ஒருமுறை, எப்படியானாலும் 4 மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம். 5 ஆண்டு என்றால் 15 பதிவுகள் இருக்க வேண்டும். 60 மணிதானே ஓடியது என்று ஐந்து பதிவுகளோடு நிறுத்தியிருந்தால், அமிலம் கலந்த எண்ணெயிலேயே எஞ்சின் ஊறிக் கிடந்திருக்கிறது. எல்லா ஆண்டும் எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே கம்ப்ரஷன் எண் எழுதப்பட்டிருந்தால் யாரும் அளக்கவில்லை என்று பொருள். டாக்கோமீட்டர் (எஞ்சின் சுழற்சியையும் ஓடிய மணியையும் காட்டும் கருவி) மாற்றப்பட்டிருந்தால் பழைய எண்ணைக் கூட்டி மொத்த மணி சரியாக வருகிறதா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, எஃப்.ஏ.ஏ.வின் ஓக்லஹோமா சிட்டி பதிவகத்தில் அந்த என்-எண்ணுக்கான (விமானத்தின் அமெரிக்கப் பதிவு எண்) முழுக் கோப்பையும் வாங்குங்கள். கட்டணம் சொற்பம். அதில் இதுவரை கைமாறிய விற்பனைப் பத்திரங்களும், 337 படிவங்களும் இருக்கும். பெரிய பழுதுபார்ப்பும் பெரிய மாற்றமும் 337-இல் பதிவாக வேண்டும். லாக்புக்கில் இல்லாத இறக்கை மாற்றம் 337-இல் இருந்தால், ஏதோ ஒரு லாக்புக்கை மறைக்கிறார்கள். தலைகீழாக, விமானத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு 337 இல்லையென்றால் அந்தக் காகிதத்தை உருவாக்கும் செலவு உங்கள் தலையில் விழும்.

ஏ.டி. பட்டியலில் "இணங்கியது" என்று எழுதியிருந்தால் போதாது. எந்த முறையில், எந்தத் தேதியில், மறுபடி எப்போது என்று மூன்றும் இருக்க வேண்டும். ஓ-320-க்கு எண்ணெய் பம்ப் பல்சக்கரம் பற்றிய ஏ.டி. 96-09-10, இக்னிஷன் சுவிட்ச் பற்றிய ஏ.டி. 76-07-12 இரண்டையும் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, டைட்டில் தேடல், அதாவது உரிமையில் வில்லங்கம் உண்டா என்று பார்ப்பது. முந்தைய உரிமையாளர் வாங்கிய கடன் தீர்ந்தும் பத்திரத்தில் நீங்காமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. பணத்தை எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணத்தை வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு) மூலம்தான் கொடுக்க வேண்டும்.

விசா பற்றி: இது உண்மையிலேயே தடை. அமெரிக்கக் குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பாளரோ அல்லாதவர் தன் பெயரில் என்-எண் பதிவு செய்ய முடியாது. ஹெச்-1பி அதில் அடங்காது. நடைமுறையில் இரண்டு வழிகள். ஒன்று, தகுதியுள்ள டிரஸ்டி பெயரில் பதிவு செய்யும் டிரஸ்ட். அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. மற்றொன்று, அமெரிக்காவில் அமைத்த நிறுவனத்தின் பெயரில். அந்த நிறுவனம் குடிமக்களுடையதாக இல்லாவிட்டால் விமானம் அமெரிக்காவிலேயே நிலைகொண்டு, பறக்கும் மணியில் 60 சதவீதமாவது இங்கேயே பறக்க வேண்டும். அதற்குக் கணக்கும் காட்ட வேண்டும். டெபாசிட் கொடுக்கும் முன் விமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் இதை முடித்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

"புது ஆனுவல் போட்டுத் தர்றேன்" என்பது பற்றியும் ஒரு வார்த்தை. விற்பவர் கூலி கொடுக்கும் மெக்கானிக் விற்பவருக்காகப் பார்க்கிறார். அந்த விமானத்தை இதுவரை தொடாத மெக்கானிக்கை நீங்கள் அமர்த்துங்கள். ப்ரீ-பை (வாங்கும் முன் செய்யும் சோதனை) என்பதற்குச் சட்டத்தில் வரையறை கிடையாது, எனவே எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

மேப்பிள்_172

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். மற்ற ஆக்கள் சொன்னதெல்லாம் சரி, பறந்து பாக்கிறதைப் பற்றி மட்டும் நான் சொல்லுறன்.

காலமை எஞ்சின் ஆறிக் கிடக்கேக்க போங்கோ. நீங்கள் வாற முன்னம் சூடாக்கி வைக்க வேண்டாம் எண்டு முதல் நாளே சொல்லி வையுங்கோ. குளிரில ஸ்டார்ட் செய்யேக்க ஒரு சிலிண்டர் தடுமாறி, சூடாகின பிறகு சரியா ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வு கைட்டில (வால்வுத் தண்டு ஓடுற குழாய்) ஒட்டுது. சூடான எஞ்சினில இது தெரியாது.

172எம் கைநூலின்படி ரன்-அப் (பறக்க முன்னம் தரையில செய்யிற எஞ்சின் சோதனை) 1,700 ஆர்பிஎம். ஒரு மேக்னெட்டோவில மட்டும் ஓட்டேக்க ஆர்பிஎம் விழுறது 125-க்கு மேல போகக் கூடாது, ரெண்டுக்கும் இடையில வித்தியாசம் 50-க்குள்ள இருக்க வேணும். ஈ2டி குறைஞ்ச கம்ப்ரஷன் எஞ்சின், 80 ஒக்டேனுக்குச் செய்தது. இப்ப 100எல்எல் ஊத்திறதால கீழ் பிளக்கில ஈயம் உருண்டையாப் பிடிக்கும். ரன்-அப்பில தடுமாற்றம் வந்தால் மிக்ஸ்சரில (எரிபொருள்-காத்துக் கலவை) எரிபொருளைக் குறைச்சு, கொஞ்ச நேரம் கூடின ஆர்பிஎம்மில ஓட்டிப் பாருங்கோ. போனால் பிளக்தான், போகாட்டில் மேக்னெட்டோவைப் பாக்க வேணும். மேக்னெட்டோவை 500 மணிக்கு ஒருக்கா பிரிச்சுப் பாத்த பதிவு இருக்கோ எண்டும் கேளுங்கோ.

பிறகு நிண்ட இடத்திலயே, பிரேக் பிடிச்சு, முழுத் த்ரொட்டில். வாற ஆர்பிஎம்மை டைப் சர்டிஃபிகேட் டேட்டா ஷீட் 3ஏ12-ல உங்கட புரொப்பெல்லருக்குப் போட்டிருக்கிற எல்லையோட ஒப்பிடுங்கோ. டாக்கோமீட்டர் பொய் சொல்லும், கையில பிடிக்கிற ஒளி டாக்கோவால பாத்தால் நல்லது. எல்லைக்குக் கீழ நிண்டால் மேல ஸ்பேனர் சொன்ன கேம் தேய்மானமும் அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்.

பறக்கேக்க எண்ணெய் அழுத்தம் 60-இல இருந்து 90 பிஎஸ்ஐக்குள்ள, சக்‌ஷன் 4.6-இல இருந்து 5.4 அங்குலப் பாதரசத்துக்குள்ள. கையை விட்டால் ஒரு இறக்கை விழுதோ பாருங்கோ. கொஞ்சம் விழுந்தால் பின் ஸ்பாரில இருக்கிற எக்சென்ட்ரிக் புஷ்ஷைத் திருப்பிச் சரிசெய்யலாம். புஷ்ஷைக் கடைசி வரைக்கும் திருப்பி வைச்சும் விழுந்தால் அந்த இறக்கை ஒருக்கா நெளிஞ்சிருக்கு. ஃபிளாப்பை 40 பாகை வரைக்கும் ஒவ்வொரு கட்டமாப் போட்டு எடுங்கோ.

ஹீட்டரைப் போடுங்கோ, கோடை எண்டாலும் பரவாயில்லை, கார்பன் மொனொக்சைட் காட்டிற மீட்டரைக் கையில வைச்சுக்கொண்டு. கேபினுக்கு வாற சூடு மஃப்ளருக்கு மேல இருக்கிற கூட்டில இருந்துதான் வருது. மஃப்ளரில வெடிப்பு இருந்தால் விஷவாயு நேரா உங்கட மூக்குக்கு வரும். தரைக்கு வந்த பிறகு அந்தக் கூட்டைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கோ.

ஏடிஎஸ்-பி அவுட் (விமானம் நிக்கிற இடத்தைத் தானா அறிவிக்கிற கருவி) இருக்கோ? 2020 ஜனவரியில இருந்து அமெரிக்காவில பெரிய விமானநிலையங்களைச் சுத்தி அது இல்லாமல் போகேலாது. ஹூஸ்டனில அது இல்லாத விமானம் பெரிய இடைஞ்சல். சோதனைப் பறப்பு முடிஞ்ச கையோட எஃப்.ஏ.ஏ. தளத்தில என்-எண்ணைக் குடுத்து இலவச அறிக்கை எடுத்தால் கருவி சரியா வேலை செய்யுதோ எண்டு தெரியும்.

வான்வழி_ஹூஸ்டன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிரஸ்ட் விஷயத்துக்கு வழக்கறிஞர் கிட்டப் பேச நாள் வாங்கிட்டேன். கால்வெஸ்டன்காரர் கிட்ட சிலிண்டர் ஒண்ணைக் கழற்றிக் கேமைப் பார்க்கலாமான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டார். அவர் எதையோ மறைக்கறாரா? கழற்றாம கேமைச் சோதிக்க வழி இருக்கா?

ஸ்பேனர்_41

அவர் மறுத்ததுல நியாயம் இருக்கு. சிலிண்டரைப் பிடிக்கற நட்டுகள்ல சிலது எஞ்சின் கேஸோட ரெண்டு பாதியையும் சேர்த்து இறுக்கற த்ரூ-ஸ்டட்ல இருக்கு. அதைத் தளர்த்தினா மெயின் பேரிங்கைப் பிடிச்சிருக்கற இறுக்கமும் போகும். டார்க் பிளேட் (சிலிண்டருக்குப் பதிலா அந்த இறுக்கத்தைப் பிடிக்கற தகடு) போடாம கிராங்க்கைத் திருப்பினா பேரிங் நகர்ந்து எண்ணெய்த் துளையை அடைச்சுடலாம். உங்களுக்கு விற்கலைன்னா அந்த அபாயம் அவரோட எஞ்சின்ல நிக்கும்.

கழற்றாமப் பார்க்க வழி இருக்கு. நாலு ராக்கர் மூடியையும் எடுத்துட்டு, மேல் பிளக் எல்லாத்தையும் கழற்றிட்டு, வால்வு ஸ்பிரிங் தலைமேல டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய நகர்வை அளக்கற மானி) வச்சு, புரொப்பெல்லரைக் கையால மெதுவாத் திருப்பணும். சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோட இருக்குன்னு நினைச்சுத்தான் திருப்பணும். ஒவ்வொரு வால்வும் எவ்வளவு தூரம் இறங்குதுன்னு எழுதுங்க. நாலு எக்ஸாஸ்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், நாலு இன்டேக்கும் அப்படியே. இந்த எஞ்சின்ல எதிரெதிர் சிலிண்டருக்கு ஒரே இன்டேக் லோப். ஒரு லோப் ரெண்டு வால்வைத் தள்ளுது, அதனால இன்டேக் பக்கம் ரெட்டிப்பு வேலை. 1, 2 ரெண்டும் சேர்ந்து குறைஞ்சாலோ, 3, 4 ரெண்டும் சேர்ந்து குறைஞ்சாலோ லோப் தேஞ்சிருக்கு. ஒண்ணு மட்டும் குறைஞ்சா முதல்ல அந்த ஹைட்ராலிக் டாப்பெட் எண்ணெய் இறங்கி அமுங்கியிருக்கான்னு சந்தேகப்படுங்க, எண்ணெயை வடிச்சுட்டு மறுபடி அளங்க.

இதுக்கும் ஒரு எல்லை உண்டு. லோப் தேய ஆரம்பிச்ச பிறகுதான் டயல்ல தெரியும். டாப்பெட் முகத்துல இப்பத்தான் புள்ளி விழுந்திருந்தா லிஃப்ட் (வால்வு இறங்கற தூரம்) சரியாவே வரும், இன்னும் 100 மணிக்கு அப்புறம்தான் ஃபில்டர்ல இரும்பு வரும். அதனால லிஃப்ட் சரியா வந்தாலும் இந்த எஞ்சினை 640 மணி எஞ்சினா விலை போடாதீங்க. ஓவர்ஹாலுக்கு வந்த எஞ்சினா வச்சு விலை சொல்லுங்க. ஓ-320 ஓவர்ஹால் இப்போ கழற்றி மாட்டற கூலியோட 30,000 டாலரைத் தாண்டுது. அந்தத் தொகையைக் கழிச்சு அவர் ஒத்துக்கிட்டா, தகடும் சுத்தமா இருந்தா, அது நல்ல விமானம்தான்.

தகடும்_ரிவெட்டும்

கால்வெஸ்டன் போறதுக்கு முன்னாடி விற்கறவர் கிட்ட இறக்கை மூடிகளைத் திறக்கலாம்னு எழுத்துல சம்மதம் வாங்கிக்குங்க. ஸ்க்ரூ தலை துருப்பிடிச்சுப் போயிருந்தா திருகும்போது தேஞ்சு சுத்தும், அப்போ பாதியில நிறுத்தச் சொல்லுவாங்க. எத்தனை ஸ்க்ரூ அப்படி மாட்டுதுன்னும் எண்ணிக்குங்க. போன ஆனுவல்ல உண்மையிலேயே அந்த மூடியைத் திறந்திருந்தா இப்படிச் சிக்காது.